ஜிஞ்சர்பிரெட் குக்கீக்கு எந்த அலங்காரம்? ஐந்து வழிகள், ஒரு ஒப்பீடு

ஜிஞ்சர்பிரெட் குக்கீ சுடுவதில் பெரிய சூட்சுமம் இல்லை. மாவைப் பிசைந்து, குளிரவைத்து, தேய்த்து, வெட்டி, பத்து நிமிடம் ஓவனில் வைத்தால் வீடு முழுக்கச் சுக்கும் பட்டையும் கிராம்பும் மணக்கும். தடுமாற்றம் அதன்பிறகுதான் ஆரம்பிக்கிறது. கம்பித் தட்டில் பொம்மை வடிவில் வெட்டிய இருபத்தைந்து குக்கீகள் ஆறிக்கொண்டிருக்கின்றன. மேலே எதைப் போடுவது? ராயல் ஐசிங்கா, பால் கிளேஸா, ஃபாண்டன்டா, சாக்லேட்டா, அல்லது ஒன்றுமே போடாமல் விட்டுவிடலாமா?

இந்தக் கேள்வியை குக்கீ ஆறும் நேரத்தில் கேட்டால் பதில் தவறாகத்தான் வரும் என்பது என் அனுபவம். மாவில் கை வைப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. குக்கீயை எந்த நாளில், யார், எங்கே வைத்துச் சாப்பிடப் போகிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் ஐசிங் தீர்மானமாகிவிடும். ஐசிங் தீர்மானமானால் மாவின் பதமும் கனமும் சுடும் நேரமும் அதன்பின்னால் வரும்.

ஒருமுறை இருபத்துநான்கு குக்கீக்குப் பால் கிளேஸ் ஊற்றினேன். முடித்தபோது இரவு ஒன்பது மணி. காலை ஆறு மணிக்குத் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து மூன்று அடுக்காக டப்பாவில் அடுக்கி, தோழி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே திறந்தபோது, பேப்பரைத் தூக்கத் தூக்க பொம்மைகளின் முகங்கள் அதோடு உரிந்து வந்தன. அவளுடைய மகன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "எதுக்குமே கண்ணு இல்லையே அத்தை" என்றான். சுவையில் குறை இல்லை, எல்லாரும் சாப்பிட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு மறக்கவில்லை. அந்தக் கிளேஸ் நல்ல கிளேஸ்தான். அந்தப் பயணத்துக்கு ஏற்றதில்லை, அவ்வளவுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

நேரம். எல்லாவற்றிலும் முதன்மையானது இதுதான். செய்முறைகளில் "காயவிடவும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பத்து நிமிடமும் இருக்கலாம், இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கலாம். மேல்தோல் காய்வது வேறு, உள்ளே வரை காய்வது வேறு. அடுக்கி வைக்கவும் பொட்டலம் கட்டவும் இரண்டாவதுதான் வேண்டும்.

கை. அலங்கரிக்கப் போவது பழகிய ஒருவரா, முதல்முறை செய்பவரா, ஐந்து வயதுக் குழந்தைகள் நாலு பேரா?

சாப்பிடுபவர். பச்சை முட்டை சாப்பிடக் கூடாதவர்கள் இருக்கிறார்களா? முட்டையே தொடாதவர்கள், ஜெலட்டின் தவிர்ப்பவர்கள், நட்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டா? இதை முன்கூட்டியே கேட்டுவிட்டால் ஐந்து வழிகளில் இரண்டு தாமாகவே கழிந்துவிடும்.

சுவை. ஜிஞ்சர்பிரெட்டின் உயிர் அதன் காரமும் மொலாசஸ் என்ற கருநிறச் சர்க்கரைப் பாகின் லேசான கசப்பும். மேலே வருவது அதைத் தாங்கிப் பிடிக்கிறதா, மூடி மறைக்கிறதா? அழகுக்காக இதை விட்டுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கட்டுரையின் தீர்ப்புகளில் அந்தச் சாய்வு தெரியும்.

காற்றின் ஈரம். சர்க்கரை ஈரத்தை இழுக்கும் பொருள். மழை நாளில் ராயல் ஐசிங் காய்வதற்கு வறண்ட நாளைவிட இரண்டு மடங்கு நேரம் கேட்கும், கிளேஸ் காயாமலே போகலாம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு. சர்க்கரையும் வண்ணமும் செலவில் சிறு பகுதிதான். இருபத்தைந்து குக்கீகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஓர் இரவு முழுக்கப் பரப்பி வைக்க இரண்டு மூன்று பெரிய தட்டுகளும், அவற்றை யாரும் தொடாத ஓர் இடமும் வேண்டும். சின்ன வீட்டில் அந்த இடம்தான் பெரிய செலவு.

## எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே குக்கீ

ஒப்பிடுவதற்கு வசதியாக ஓர் அளவை வைத்துக்கொள்வோம். மைதா 350 கிராம், வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சுகர் 100 கிராம், மொலாசஸ் 120 கிராம், ஒரு முட்டை, சுக்குத்தூள் 1 மேசைக்கரண்டி, பட்டைத்தூள் 2 தேக்கரண்டி, கிராம்புத்தூள் அரை தேக்கரண்டி, சமையல் சோடா அரை தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்த மாவை ஒன்றிரண்டு மணி நேரம் குளிரவைத்து, 5 முதல் 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 9 சென்டிமீட்டர் கட்டரால் வெட்டினால் ஏறக்குறைய இருபத்தைந்து வரும். 175 டிகிரி செல்சியஸில் 9 முதல் 11 நிமிடம். பச்சை மாவை வழித்துச் சாப்பிட யாரையும் விடாதீர்கள். முட்டையைத் தள்ளிவைத்தாலும், வேகாத மைதாவிலேயே கிருமி இருக்க வாய்ப்புண்டு.

சோடாவை ஏன் அரை தேக்கரண்டியில் நிறுத்துகிறோம்? மொலாசஸ் புளிப்புத்தன்மை உள்ளது. அது சோடாவோடு சேர்ந்ததும் வாயு கிளம்பி மாவு உப்பும். சோடா கூடினால் குக்கீ பரந்து விளிம்பு மழுங்கும், மேல்பரப்பு மேடும் பள்ளமுமாகும். சாக்லேட்டில் முக்கப் போகிறீர்கள் என்றால் அது பாதகமில்லை. ஐசிங்கால் கோடு போடப் போகிறீர்கள் என்றால் தட்டையான முகம் கட்டாயம் வேண்டும்.

## 1. ராயல் ஐசிங்

முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும் (மாவு போலப் பொடித்த சர்க்கரை) கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அடிப்பது. காய்ந்தால் பீங்கான் போல இறுகும். பேக்கரி ஜன்னல்களில் பார்த்து வியக்கும் மெல்லிய சரிகைக் கோடுகளும் பளபளப்பான சட்டைகளும் பெரும்பாலும் இதுதான்.

ஒரு வெள்ளைக்கருவுக்குச் சுமார் 200 கிராம் ஐசிங் சுகர், அரை தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. கிண்ணத்திலோ அடிப்பானிலோ துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை எழும்பாது. பிளாஸ்டிக் கிண்ணம் கழுவிய பிறகும் பசையைப் பிடித்துவைத்திருக்கும் என்பதால் ஸ்டீல் அல்லது கண்ணாடிக் கிண்ணம் நல்லது. மிதமான வேகத்தில் அடித்தால் போதும். வேகத்தைக் கூட்டி நெடுநேரம் அடித்தால் காற்று ஏறி, காய்ந்தபின் ஐசிங் பொறபொறவென்று உடையும்.

இதில் கற்க வேண்டியது பதம் ஒன்றுதான். கத்தி நுனியால் கிண்ணத்து ஐசிங்கின் நடுவே ஒரு கோடு கிழித்துவிட்டு மனதுக்குள் எண்ணுங்கள். பத்து முதல் பதினைந்து எண்ணுவதற்குள் கோடு மறைந்து மேல்பரப்பு சமமானால், அது உள்பரப்பை நிரப்பும் பதம். இருபதைத் தாண்டினால் கோடும் போடலாம், நிரப்பவும் செய்யலாம் என்கிற இடைப்பட்ட பதம். கோடு மறையவே இல்லையென்றால் அது கண், பொத்தான், வீட்டுச் சுவர் ஒட்டுவதற்கான கெட்டிப் பதம். பதம் மாற்றுவதற்குத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். அரை தேக்கரண்டி அதிகமானாலே ஐசிங் குக்கீயின் விளிம்பைத் தாண்டி வழியும்.

மேல்தோல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கட்டும். உள்ளே வரை காய எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் பளபளப்பு கூடும். கண், பொத்தான் போன்ற சிறு இடங்களில் நடுவில் குழி விழுவதும் குறையும். அடர் சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வருகிறதென்றால் ஒன்று முழுதாகக் காய்ந்த பிறகே மற்றதைத் தொடுங்கள். ஈரமும் ஈரமும் சேர்ந்தால் சிவப்பு வெள்ளைக்குள் ஊர்ந்துவிடும். ஜெல் வண்ணம்தான் இதற்குப் பொருந்தும். தண்ணீர் வண்ணம் பதத்தையே கெடுத்துவிடும். காயும்போது நிறம் ஒரு படி அடர்ந்து வரும் என்பதால் நினைத்ததைவிட வெளிறலாகவே கலக்கலாம்.

பச்சை வெள்ளைக்கருவா, மெரிங்கு பவுடரா, கடலைத் தண்ணீரா?

பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்பு சிறியது என்றாலும் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் சாப்பிடும் பெட்டியில் அதை வைக்க எனக்கு மனம் வராது. பாஸ்டரைஸ் செய்த வெள்ளைக்கரு கிடைத்தால் அதை எடுக்கலாம். அதைவிடச் சுலபம் மெரிங்கு பவுடர். பாதுகாப்பாகப் பதப்படுத்திக் காயவைத்த வெள்ளைக்கருதான் அதில் இருக்கிறது. 450 கிராம் ஐசிங் சுகருக்கு 3 மேசைக்கரண்டி பவுடரும் 75 முதல் 90 மில்லி தண்ணீரும் போதும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும், மஞ்சள் கரு மிஞ்சாது. விலை கூடுதல் என்பதும், சிலவற்றில் வெனிலா வாசனை தூக்கலாக இருக்கும் என்பதும் அதன் குறைகள்.

முட்டையே வேண்டாம் என்பவர்களுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீர் இருக்கிறது. பருப்பு வகைகள் வெந்த நீர் வெள்ளைக்கரு போல நுரைக்கும் என்பதை 2014-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோசல் வெளியிட்டார். அதற்கு அக்வாஃபாபா என்ற பெயரை 2015-ல் சூட்டியவர் அமெரிக்கரான கூஸ் வோல்ட். ஒரு வெள்ளைக்கருவுக்கு ஈடு இரண்டு மேசைக்கரண்டி. நான் செய்தவரை காய்வதற்குக் கூடுதல் நேரம் எடுத்தது, இறுக்கமும் ஒரு படி குறைவு. கோடும் புள்ளியும் போட அது தாராளமாகப் போதும். குக்கீயிலும் முட்டையை விட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு: இருபத்தைந்து குக்கீகளையும் முழுதாக நிரப்பினால் ஏறக்குறைய 450 கிராம் ஐசிங் சுகர் போகும். மூன்று வண்ணம் என்றால் ஐசிங்கைப் பிழிந்து கோடு போடும் பைப்பிங் பை மூன்று, ஒவ்வொன்றுக்கும் தனிப் பதம், கழுவ ஏழெட்டுக் கிண்ணங்கள். வேலை ஒரு மாலைப் பொழுது, காய்வது ஓர் இரவு. இவ்வளவும் போட்ட பிறகு, கடித்தால் முதலில் நாக்கில் படுவது வெறும் இனிப்பு.

அதனால் என் தேர்வு: ராயல் ஐசிங் செய்யுங்கள், ஆனால் நிரப்பாதீர்கள். வெறும் வெள்ளைக் கோடு, இரண்டு கண், மூன்று பொத்தான். சர்க்கரை கால் பங்குதான் ஆகும், பை ஒன்று போதும், இரண்டு மூன்று மணி நேரத்திலேயே பெரும்பாலும் இறுகிவிடும். பழுப்பு நிறமும் வெள்ளைக் கோடும் சேரும் அழகுக்கு வண்ணமே தேவையில்லை. செக் நாட்டின் பார்டுபிட்சே நகரத்துத் தேன் ஜிஞ்சர்பிரெட்டில் அடர்ந்த பழுப்பின்மேல் வெள்ளைச் சர்க்கரைக் கோலம்தான் அதன் அடையாளமே. கடித்தால் சுக்கு முன்னால் வரும், இனிப்பு பின்னால் வரும்.

இது பொருந்தும் இடம்: அஞ்சலில் அனுப்ப, அடுக்கி வைக்க, பரிசளிக்க, நூல் கோத்துத் தொங்கவிட. ஜிஞ்சர்பிரெட் வீடு கட்டுவதென்றால் வேறு யோசனையே வேண்டாம். சிலர் சர்க்கரையைக் கேரமலாக உருக்கிச் சுவர்களை ஒட்டுவார்கள். சட்டென்று பிடிக்கும்தான். ஆனால் அது 160, 170 டிகிரியில் கொதிப்பது, கையில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது அதை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

## 2. பால் கிளேஸ்

ஐசிங் சுகர் 200 கிராம், பால் 2 மேசைக்கரண்டி, குளுக்கோஸ் சிரப் ஒன்றரை மேசைக்கரண்டி. கரண்டியால் கலக்கினால் முடிந்தது. மிக்சர் வேண்டாம், முட்டை வேண்டாம். குளுக்கோஸ் சிரப் சர்க்கரையைப் பெரிய படிகங்களாக இறுகவிடாமல் தடுக்கும். அதனால்தான் இது பளபளவென்று இருக்கிறது, பல் பட்டதும் இளகிக் கொடுக்கிறது. பாலுக்குப் பதில் எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் பாதிப் பாதி சேர்த்தால் சுக்கோடு அது சேரும் சேர்த்தியே தனி.

சாப்பிடும் இன்பத்தில் ராயல் ஐசிங்கைவிட இது மேல் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் காய்வதில் அடம் பிடிக்கும். மேல்தோல் சில மணி நேரத்தில் கட்டினாலும் அடியில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும், சில நாட்களில் முழுதாக ஒரு நாள் கேட்கும். அதற்குப் பிறகும் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். மெல்லிய கோடு நிற்காது, பரவி மழுங்கும். என் டப்பாவில் பொம்மைகள் முகமிழந்தது இதனால்தான்: தோல் காய்ந்ததைப் பார்த்து உள்ளும் காய்ந்ததாக நம்பிவிட்டேன்.

மறைந்திருக்கும் செலவு: இடம். ஒரே அடுக்காகத்தான் வைக்க முடியும் என்பதால் பெட்டியும் அகலமாக வேண்டும். ஈரம் குக்கீக்குள் இறங்கும் என்பதால் ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது.

இது பொருந்தும் இடம்: வீட்டிலேயே, அன்றோ மறுநாளோ, தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடப் போகும் குக்கீ. குக்கீயின் முகத்தை அப்படியே கிளேஸில் தோய்த்து எடுத்து, ஈரம் இருக்கும்போதே மேலே தூவ வேண்டியதைத் தூவிவிட்டால் பத்து நிமிடத்தில் ஒரு தட்டு தயார். முதல்முறை அலங்கரிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

## 3. ஃபாண்டன்ட்

சப்பாத்தி மாவு போலப் பிசைந்து தேய்க்கக்கூடிய சர்க்கரைக் களிதான் ஃபாண்டன்ட். இதில் காயும் பிரச்சினையே கிட்டத்தட்ட இல்லை. 2, 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, குக்கீ வெட்டிய அதே கட்டரால் வெட்டி, தண்ணீர் தொட்ட தூரிகையால் தடவி ஒட்டுவதுதான். ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு மேலே வைத்தால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். குக்கீ வேகும்போது கொஞ்சம் பரந்திருக்கும் என்பதால் ஓரத்தில் பழுப்பு வளையம் ஒன்று தெரியும். அது அழகாகவே இருக்கும்.

குழந்தைகளுக்கு இது களிமண் விளையாட்டு மாதிரி. உருட்டலாம், வெட்டலாம், அச்சு அழுத்தலாம். தவறினால் பிசைந்து திரும்பச் செய்யலாம், வழிந்து கெடும் என்ற பயம் இல்லை.

சுவையில் மட்டும் இதற்கு என்னால் பரிந்து பேச முடியவில்லை. மெல்ல மெல்ல வெறும் சர்க்கரை, சுக்கின் காரம் அடியில் அமுங்கிப்போகிறது. பல பிள்ளைகள் அதை உரித்து வைத்துவிட்டுக் குக்கீயை மட்டும் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். இருபத்தைந்து குக்கீக்கு அரை கிலோ வரை வாங்க வேண்டியிருக்கும். வெட்டியது போக மிஞ்சும் துண்டுகள் மூடாமல் விட்டால் காய்ந்துபோகும். சில ஃபாண்டன்டில் ஜெலட்டின் உண்டு, சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கொடுக்கும் முன் அட்டையைப் படியுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்ததும் நீர்த்துளி படிந்து பிசுபிசுக்கும், வண்ணம் வழியும்.

முழுதாகப் போர்த்தாமல் ஒரு சிறு தொப்பி, ஒரு கழுத்துத்துணி, ஒரு இலை என்று மட்டும் வைத்தால் நல்ல துணை அலங்காரம் இது.

## 4. சாக்லேட்

லெப்குகன் என்ற, ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஜிஞ்சர்பிரெட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. அங்கே எலிசன்லெப்குகன் என்று பெயர் வைக்க வேண்டுமானால் நட்ஸ் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவ்வளவு கண்டிப்பான பண்டத்துக்கு மேல்போர்வையாக வருபவை சாக்லேட்டோ மெல்லிய சர்க்கரைப் படலமோதான். கிராம்பும் பட்டையும் டார்க் சாக்லேட்டின் கசப்பைக் கண்டால் இன்னும் ஆழமாகப் பேசும். ஐந்து வழிகளில் பெரியவர்களின் நாக்குக்கு முதலிடம் இதற்குத்தான்.

நுணுக்கம் டெம்பரிங்கில், அதாவது உருக்கிய சாக்லேட்டைச் சரியான வெப்பத்துக்கு ஆற்றிக் கொண்டுவருவதில் இருக்கிறது. டார்க் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரி வரை உருக்கி இறக்கி, மீதி ஒரு பங்கைத் துண்டுகளாகப் போட்டுக் கிளறி 31, 32 டிகிரிக்குக் கொண்டுவந்து பிறகு முக்க வேண்டும். அப்படிச் செய்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பளபளவென்று இறுகி, உடைக்கும்போது 'டக்' என்று சத்தம் வரும். இதைத் தவிர்த்து வெறுமனே உருக்கி முக்கினால் மறுநாள் சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். கெட்டுப்போகவில்லை, கொழுப்பு மேலே வந்து படிந்திருக்கிறது. என்றாலும் பரிசாகக் கொடுக்க மனம் வராது. உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மொத்தமும் திரிந்து கட்டியாகும்.

டெம்பரிங் வேண்டாம் என்பவர்கள் காம்பவுண்ட் சாக்லேட் வாங்குவார்கள். உருக்கினால் போதும், இறுகும். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு என்பதால் வாயில் மெழுகு தடவியது போல நிற்கும். இவ்வளவு மசாலா போட்டுச் சுட்ட குக்கீக்கு அது வேண்டாம் என்பேன்.

மறைந்திருக்கும் செலவு: ஒரு நல்ல வெப்பமானி. பாதி முக்க 200 கிராம் போதும் என்று கணக்குப் போட்டாலும், கிண்ணத்தில் முக்கும் ஆழம் வர 300 கிராமாவது உருக்க வேண்டும். அறை வெக்கையாக இருந்தால் இந்த வழியையே விட்டுவிடலாம். முகமும் பொத்தானும் வரைய இது தோதில்லை, உருவம் வெட்டாத வட்டக் குக்கீக்குத்தான் சிறப்பு.

## 5. ஓவனுக்குள் போகும் முன்பே முடியும் அலங்காரம்

ஜிஞ்சர்பிரெட்டின் வரலாற்றில் பைப்பிங் பைக்கு வெகு காலம் முன்பே மர அச்சு வந்துவிட்டது. ரஷ்யாவின் தூலா நகரத்து ஜிஞ்சர்பிரெட்டான பிரியானிக் இன்றும் செதுக்கிய மரப்பலகையில் மாவை அழுத்தித்தான் உருவாகிறது, மேலே மெல்லிய சர்க்கரைப் பூச்சு மட்டும். வீட்டில் இதைச் செய்ய அச்சு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முள்கரண்டியின் பின்புறம், கண்ணாடி டம்ளரின் வேலைப்பாடுள்ள அடி, சுத்தமான லேஸ் துணி எது கிடைத்தாலும் மாவில் அழுத்திப் பாருங்கள். ஒரு பாதாம், இரண்டு உலர்திராட்சை, கொஞ்சம் கரடுமுரடான சர்க்கரை போதும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழு நட்ஸ் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு, நறுக்கியோ பொடித்தோ போடுங்கள்.

சுட்டு எடுத்ததும் சூடு இருக்கும்போதே 100 கிராம் ஐசிங் சுகரை 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறில் கரைத்துத் தூரிகையால் ஒரு பூச்சு. பூசும்போது கண்ணாடி போல ஈரமாக மின்னும். பார்த்துக்கொண்டே இருந்தால் ஓரத்திலிருந்து வெண்மை படரும், அச்சின் பள்ளங்களில் மட்டும் அது கூடுதலாகத் தங்கி உருவம் துலங்கி நிற்கும். பத்திருபது நிமிட வேலை, ஒரு கிண்ணம், ஒரு தூரிகை. ஆறியதும் அடுக்கலாம்.

அச்சு துலங்க வேண்டுமானால் சோடாவைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்து, அச்சு அழுத்திய பிறகு இன்னொரு அரை மணி நேரம் குளிரவைத்துச் சுட வேண்டும். இல்லாவிட்டால் உருவம் உப்பி மறைந்துவிடும். இதில் இருக்கும் ஒரே மறைமுகச் செலவு இதுதான்: சுட்ட பிறகு மனம் மாறினால் இந்தக் குக்கீயில் ஐசிங் கோடு சரியாக விழாது.

## ஒரே பார்வையில்

| வழி | கைவேலை (25 குக்கீ) | அடுக்க ஆகும் நேரம் | சுக்கின் சுவை | யாருக்கு ஆகாது |
|---|---|---|---|---|
| ராயல் ஐசிங், முழுதாக நிரப்பி | 3–4 மணி | 8–12 மணி, ஈரக் காற்றில் கூடும் | அமுங்கும் | பச்சை முட்டை தவிர்ப்பவர்கள் (மெரிங்கு பவுடரானால் சரி) |
| ராயல் ஐசிங், கோடு மட்டும் | 1 மணி | 2–3 மணி | முன்னால் நிற்கும் | மேற்படி |
| பால் கிளேஸ் | அரை மணி | 24 மணி, அடுக்காமல் இருப்பதே நல்லது | நன்றாகச் சேரும் | பால் ஆகாதவர்கள் (தண்ணீரில் செய்யலாம்) |
| ஃபாண்டன்ட் | 1–2 மணி | 1–2 மணி | மறையும் | ஜெலட்டின் தவிர்ப்பவர்கள் |
| சாக்லேட் | 1 மணி | அரை மணி | ஆழமாகும் | வெக்கையான அறை |
| சுடும் முன் அலங்காரம் | அரை மணி | ஆறும் வரை | முழுதாக | நட்ஸ் ஒவ்வாமை (நட்ஸ் போட்டால்) |

கைவேலைக் கணக்கு ஒருவர் தனியாகச் செய்வதாக வைத்தது. பிள்ளைகள் உதவிக்கு வந்தால் நேரம் இரட்டிப்பாகும், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

## எந்த நாளுக்கு எது

நாளை காலை கொடுக்க வேண்டும், இன்று மாலைதான் நேரம்: ராயல் ஐசிங் கோடு மட்டும், அல்லது அச்சு. கிளேஸ் பக்கம் போகாதீர்கள்.

குழந்தைகள் கூட்டம்: குக்கீகளை முந்தின நாளே சுட்டு, வெள்ளை ராயல் ஐசிங்கால் நிரப்பிக் காயவைத்துவிடுங்கள். மறுநாள் ஆளுக்கு ஒரு தூரிகை, ஜெல் வண்ணத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்ட ஒரு சின்னத் தட்டு. காகிதத்தில் படம் வரைவது போல வரைவார்கள். நிரப்பும் வேலை எனக்குப் பிடிக்காது என்றாலும் இந்த ஓர் இடத்தில் அந்த உழைப்புக்குத் தகுந்த பலன் உண்டு. மூன்று நான்கு வயதுக்காரர்கள் என்றால் சுடும் முன் மாவில் உலர்திராட்சை அழுத்தவிடுங்கள், அதுவே அவர்களுக்குப் போதும்.

நெடுந்தூரம் அனுப்ப: முழுதாகக் காய்ந்த ராயல் ஐசிங். குக்கீயை ஒரு நிமிடம் கூடுதலாகச் சுட்டு மொறுமொறுப்பாக்குங்கள். மென்மையான குக்கீ வழியில் கழுத்து ஒடியும். இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி, இடைவெளி இல்லாமல் பெட்டியை நிரப்புங்கள்.

வைத்துப் பார்க்க மட்டும்: வட குரோஷியாவின் சிவப்பு லிட்சிதார் இதயங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜிஞ்சர்பிரெட் கைத்தொழிலை யுனெஸ்கோ 2010-ல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. காயவைத்து, வண்ணம் தீட்டி, அன்பின் அடையாளமாகக் கொடுப்பது அது. இந்த நோக்கத்துக்கு ராயல் ஐசிங்கும், எவ்வளவு வண்ணம் வேண்டுமானாலும். சாப்பிட வைத்திருக்கும் தட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு காப்பியோடு, பெரியவர்களுக்கு: டார்க் சாக்லேட்டில் பாதி முக்கிய வட்டக் குக்கீ.

எந்த வழியானாலும் ஒரு எச்சரிக்கை. மினுக்குத் தூள் வாங்கும்போது அட்டையில் "நச்சற்றது" என்று மட்டும் போட்டிருந்தால் அது சாப்பிடுவதற்கானது என்று அர்த்தமில்லை. "உண்ணத்தக்கது" என்று தெளிவாகப் போட்டு, சேர்மானப் பட்டியலும் இருந்தால் மட்டும் எடுங்கள். வெள்ளி உருண்டைகளுக்கும் இதே விதிதான், பல்லுக்கும் அவை கடினம்.

இவ்வளவுக்குப் பிறகும் முடிவு வரவில்லையென்றால் இன்றைக்கு முடிவெடுக்க வேண்டியதே இல்லை. குக்கீகளைச் சுட்டு, முழுதாக ஆறவிட்டு, வெறுமையாகவே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். இரண்டு வாரம் கெடாது. மூன்றாம் நாளில் மசாலா ஒன்றோடொன்று கலந்து, சுட்ட அன்றைவிட மணம் கூடியிருக்கும். இன்னும் தள்ளிப்போகும் என்றால் ஃபிரீசரில் வைக்கலாம். எடுக்கும்போது மட்டும் டப்பாவைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் நீர்த்துளி குக்கீமேல் படியும், அதன்மேல் எந்த ஐசிங்கும் நிற்காது.